இரவல் போன கரை

செவ்வாய்ப்பேட்டை, சேலம்
10.8.87

அன்புள்ள வேணிக்கு,

நீ இல்லாத வீட்டில் நானும் கடிகாரமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறோம். மெட்ராஸ் வேலை பழகிவிட்டதா? உப்புத் தண்ணீரில் காப்பி எப்படி இருக்கிறது?

ஒரு நல்ல சேதி. சேலைக் கரை வரைவதற்கென்று நீ இங்கே அஸ்தம்பட்டி கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்தும்போது ஒரு புரோகிராம் எழுதினாயே, 'கரை' என்று பேர்கூட வைத்தாயே, அது இப்போது ஊர் சுற்றுகிறது. நம் கடைக்கு நூல் எடுக்க வரும் தறிக்காரர்களிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். "எங்க ஊட்டம்மா கம்ப்யூட்டர்லயே பார்டர் வரையறதுக்கு ஒண்ணு செஞ்சிருக்குதுங்க." அவ்வளவுதான், விட்டார்களா? பீரோவில் பட்டுப்புடவைக்கு நடுவில் நீ வைத்துவிட்டுப் போன பிளாப்பியை எடுத்து அம்மாப்பேட்டை அப்புசாமியிடம் கொடுத்தேன். அவர் திருப்பித் தந்ததும் வேலுமணிக்கு. அப்புறம் ஒருவர் மாற்றி ஒருவர். வீடியோ கேசட் கடைக்காரன் இரவல் கொடுப்பதைப் போலத்தான், வாடகை மட்டும் கிடையாது. சென்டரில் மணிக்கணக்குக்குப் பணம் கட்டி உட்கார்ந்து வரைகிறார்கள், வரைந்ததைக் கட்டம் போட்ட காகிதத்தில் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

நேற்று நானும் போய்ப் பார்த்தேன். திரையில் தெரிவது ஒரே பச்சைதான். ஆனால் அப்புசாமி கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "இது அரக்குங்க, உள்ளுக்குள்ள மாம்பழ மஞ்ச ஓடுது" என்கிறார். பக்கத்தில் நின்றவர், "இல்லீங்க, மயில் கழுத்து" என்கிறார். சண்டை வந்துவிடும் போலிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்கும் மஞ்சள் தெரிய ஆரம்பித்துவிட்டது. வெளியே வந்தால் ஏற்காட்டு மலைமேல் நின்ற மேகத்துக்குக்கூட யாரோ கரை கட்டியிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டே நின்றதில் டவுன் பஸ்ஸை விட்டுவிட்டேன்.

இப்போது பிளாப்பி குகைப் பகுதியில் இருக்கிற ராமாத்தாள் அக்காவிடம் இருக்கிறது. உனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று எழுதுகிறேன்.

கந்தவேல்


நுங்கம்பாக்கம், மெட்ராஸ்
14.8.87

அன்புள்ள மாமாவுக்கு,

சந்தோஷமாக இல்லை. கடிதத்தை விடுதி வாசலிலேயே பிரித்துப் படித்துவிட்டு அப்படியே நின்றேன். வார்டன் அம்மாள் ஊரில் ஏதாவது துக்கமா என்று கேட்டார்.

உங்களிடம் நேரில் சொல்ல வைத்திருந்ததை இப்படி எழுத வேண்டியிருக்கிறது. எங்கள் கம்பெனி மானேஜர் 'கரை'யைப் பார்த்தார். பெட்டியில் போட்டு ஊர் ஊராக விற்கலாம் என்கிறார். பெட்டிமேல் என் பெயர் இருக்குமாம். மேற்கொண்டு அதை வளர்க்கிற பொறுப்பும் எனக்குத்தான். ஒரே ஒரு நிபந்தனை. இதன் பிரதி வெளியில் யாரிடமும் இல்லை என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நான் கொண்டு வந்த பிரதி என் கையில் இருக்கிறது. பத்திரமாக இருக்கட்டும் என்று பீரோவில் வைத்த இன்னொன்று குகையில் இருக்கிறது என்று நீங்கள் எழுதுகிறீர்கள். அதற்கு முன்னால் எத்தனை கை தாண்டியது? எத்தனை பேர் காப்பி எடுத்தார்கள்? நான் எதை நம்பிக் கையெழுத்துப் போடுவேன்? இல்லாததை எழுதிவிட்டு, நாளைக்கு அம்மாப்பேட்டையில் ஒரு பிரதி கிளம்பினால் இங்கே என் முகம் என்ன ஆகும்?

இதற்கெல்லாம் சட்டம் இருக்கிறது, தெரியுமா? எழுதியவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. நீங்கள் என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா?

உடனே பிளாப்பியைத் திருப்பி வாங்குங்கள்.

வேணி


செவ்வாய்ப்பேட்டை
19.8.87

அன்புள்ள வேணிக்கு,

கம்பெனி சேதியை முதலில் படித்துவிட்டுக் கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் டீ சொன்னேன். அதற்கப்புறம்தான் மீதியைப் படித்தேன். டீ வந்தபோது யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

ராமாத்தாள் அக்கா இன்னும் சென்டருக்கே போகவில்லையாம். கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகைக்குச் சென்டரை மூடியிருந்தார்கள். "வாங்குன சாமானத் தொடாம எப்பிடித் திருப்பித் தர்றது சாமி? ரெண்டு நாளு குடு" என்றார். பெரியவர் கேட்கும்போது பிடுங்க முடியவில்லை.

அதற்குள் சட்டத்தைத் தெரிந்துகொள்வோம் என்று அஸ்தம்பட்டியில் வக்கீல் அர்த்தநாரியிடம் போனேன், அதுதான் நம் கடை வாடகை வழக்கை நடத்தினாரே, அவர். தடிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். "எம்பத்தி நாலுல சட்டத்தத் திருத்தியிருக்கறாங்க கந்தவேலு. கம்ப்யூட்டர் புரோகிராமும் இலக்கியம்தானாம். பொஸ்தகம் எப்பிடியோ அப்பிடி" என்றார்.

வேணி, நீ இலக்கியம் எழுதியிருக்கிறாய்! நான்கு வருஷமாக ஒரு எழுத்தாளரோடு குடித்தனம் நடத்திவிட்டு அது தெரியாமல் இருந்திருக்கிறேன்.

"அப்ப பொஸ்தகத்த இரவல் குடுத்தாத் தப்பாங்க?" என்று கேட்டேன். "இரவல் குடுக்கறது தப்புன்னு எந்த வரியும் என் கண்ணுல படல. லைப்ரரியெல்லாம் எப்பிடி நடக்குது?" என்றார். அப்படியானால் நான் செய்தது நூல்நிலைய வேலைதானே? கள்ளன் என்று நினைத்துப் போனவன் நூலகராகத் திரும்பி வந்தேன். ஆனால் படி இறங்கும்போது கூப்பிட்டு, "காப்பி எடுத்தாத் தப்புங்க. அதுக்கு எழுதுனவங்க சம்மதம் வேணும்" என்றும் சொன்னார். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அன்றைக்கு மதியம் கடையில் கண் அசந்தபோது ஒரு கனவு. பனமரத்துப்பட்டி ஏரிக்கரையில் யார் யாரோ உட்கார்ந்து உன் புத்தகத்தைப் படிக்கிறார்கள். பக்கம் புரட்டுகிற சத்தம் புதுச்சேலை மடிக்கிற சத்தமாகக் கேட்கிறது. ஒருவர் படித்து முடித்ததும் பக்கத்தில் இருப்பவரிடம் தருகிறார். இப்படியே ஏரியைச் சுற்றிப் போய்க்கொண்டே இருக்கிறது. நான் தண்ணீருக்கு நடுவில் நின்று, "என்ர பொண்டாட்டி எழுதினதுங்க" என்று எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நூல் மூட்டை இறக்க வந்தவன் எழுப்பிவிட்டான்.

கந்தவேல்


நுங்கம்பாக்கம்
23.8.87

மாமாவுக்கு,

கனவில்கூட நீங்கள் இரவல்தான் கொடுக்கிறீர்கள்.

வக்கீல் சொன்னது சரியாகவே இருக்கட்டும். ஒன்றை மட்டும் யோசியுங்கள். புத்தகத்தை இரவல் கொடுத்தால் அது நம் வீட்டை விட்டுப் போகிறது, அலமாரியில் இடம் காலியாகிறது. திரும்பி வந்தால் அவர் வீட்டில் காலி. புரோகிராம் அப்படி இல்லை. பிளாப்பியைப் பத்திரமாகத் திருப்பித் தந்துவிட்டு, உள்ளே இருந்ததை அங்கேயும் வைத்துக்கொள்ளலாம். பார்த்தால் எதுவுமே குறைந்திருக்காது. நான்கு பட்டன் அழுத்துகிற வேலை. இரவல் எங்கே முடிகிறது, காப்பி எங்கே தொடங்குகிறது என்று உங்கள் வக்கீலால் சொல்ல முடியுமா? என்னால் முடியாது. அதனால்தான் ஒவ்வொருவராகப் போய்க் கேளுங்கள் என்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொண்டு தூக்கம் வரவில்லை. என் தையல் மெஷின் உங்கள் தங்கை வீட்டுக்குப் போனது. அப்பா வாங்கித் தந்த டிரான்சிஸ்டர் எதிர்வீட்டுக்குப் போனது. இரண்டும் போனது எனக்கு மறுநாள்தான் தெரியும். ஊரே உங்களைத் தங்கமான மனுசன் என்கிறது. தாராளக் கைதான், நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கையிலிருந்து போகிற சாமானில் பாதி என்னுடையது.

இன்று ஞாயிற்றுக்கிழமை, காலையில் தனியாகக் கடற்கரைக்குப் போனேன். அலை வந்து மணலில் ஒரு நுரைக்கோடு போடுகிறது. அடுத்த அலை அதை அழித்துவிட்டு வேறு கோடு போடுகிறது. ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை. இதைப் புரோகிராமில் எப்படிக் கொண்டுவருவது என்று யோசித்துக்கொண்டு வெயில் ஏறும்வரை உட்கார்ந்திருந்தேன். செருப்பை அலை கொண்டுபோனதைக்கூடக் கவனிக்கவில்லை. ஒரு வாரம் கழித்து இன்றைக்குத்தான் கோபம் இல்லாமல் இருந்தேன்.

மானேஜர் அடுத்த மாதம் பாதிவரை நேரம் தந்திருக்கிறார்.

வேணி


செவ்வாய்ப்பேட்டை
2.9.87

அன்புள்ள வேணிக்கு,

தையல் மெஷின் பற்றி எழுதியிருந்ததைப் பலமுறை படித்தேன். அப்புறம் நீ சொன்ன வேலையைச் செய்தேன்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு அம்மாப்பேட்டை, பொன்னம்மாப்பேட்டை, குகை என்று பிளாப்பி போன வீடெல்லாம் போனேன். யாரும் காப்பி எடுக்கவில்லை வேணி. எடுக்கத் தோன்றவே இல்லை. யார் வீட்டிலும் கம்ப்யூட்டர் கிடையாது. சென்டரிலும் யாரும் வெற்று பிளாப்பி வாங்கவில்லை என்று சென்டர்காரர் மாரியம்மன்மேல் ஆணை வைத்தார். "காப்பி எடுத்து எங்கீங்க போடறது? அரிசிப் பானைலயா?" என்று அப்புசாமி கேட்டார்.

எடுக்கவில்லை, ஆனால் போட்டிருக்கிறார்கள். இதை எப்படிச் சொல்வது? நம் பக்கம் இரவல் வாங்கின ஏனத்தை வெறுமனே திருப்பித் தருகிற வழக்கம் உண்டா? ஒரு பிடி அரிசியோ, ஒரு துண்டு வெல்லமோ உள்ளே போட்டுத்தானே தருவோம். அப்புசாமி வரைந்து முடித்ததும் நல்லதாக ஒரு கரையை உனக்கென்று பிளாப்பியிலேயே விட்டிருக்கிறார். வேலுமணி அதைப் பார்த்துவிட்டு, தானும் ஒன்று. பின்னால் வந்தவர்கள் எல்லாரும் அப்படியே. ஒருவர்கூட என்னிடம் சொல்லவில்லை. வெல்லம் போட்டிருக்கிறேன் என்று யார் சொல்லித் தருவார்கள்?

கடைசியாக ராமாத்தாள் அக்கா. தனியாளாக நான்கு பவர்லூம் ஓட்டுகிறவர், உனக்குத் தெரியுமே. சென்டரில் உட்கார்ந்து வரைந்து முடித்துச் சேமிக்கப் போனால், பிளாப்பியில் இடம் இல்லை என்று வந்திருக்கிறது. இந்த அம்மா வெறும் ஏனத்தைத் திருப்பித் தருவாரா? அங்கே இருந்த பெண்ணிடம், "அடச்சுக்கிட்டுக் கெடக்கறது எது கண்ணு?" என்று கேட்டிருக்கிறார். எல்லாரும் போட்ட கரையை அழிக்க மனசில்லை. மிச்சம் இருந்தது 'கரை' என்று பேர் போட்ட ஒன்று. அதில் படம் இல்லை, ஒரே இங்கிலீஷ் எழுத்து. "அதத் தொடச்சுப்புட்டு என்னுத வையி" என்று சொல்லிவிட்டார்.

வேணி, அது நீ எழுதின புரோகிராம். போய்விட்டது. கம்ப்யூட்டரை நிறுத்தினதும் அதன் ஞாபகத்தில் இருந்ததும் போய்விட்டதாம். சேலத்தில் இப்போது ஊரார் கரை எல்லாம் இருக்கிறது, உன் 'கரை' இல்லை.

பிளாப்பியை வாங்கிக்கொண்டு கிளம்பினேன். அப்புறம் வீட்டுக்கு வந்து யோசித்தால், இனி நீ மனசாரக் கையெழுத்துப் போடலாமே? வெளியில் யாரிடமும் பிரதி இல்லை என்பது சத்தியம்தானே? சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை, நீயே முடிவு செய். பிளாப்பியை அட்டைக்கு நடுவில் வைத்து ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பியிருக்கிறேன்.

கந்தவேல்


நுங்கம்பாக்கம்
9.9.87

அன்புள்ள மாமாவுக்கு,

ஆபீசில் உட்கார்ந்து சிரித்தேன். பக்கத்து மேஜைக்காரி தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். உலகத்திலேயே மரியாதைக்காகப் புரோகிராமை அழித்தது நம் குகைக்காரர்களாகத்தான் இருக்கும்.

பிளாப்பி பழுதில்லாமல் வந்தது. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். இத்தனை நாள் என் புரோகிராமில் நான் போட்டுப் பார்த்ததெல்லாம் கணக்கு மாணவி போட்ட கரை. இவர்கள் போட்டிருப்பதைப் பார்த்த பிறகுதான் அது எதற்கு எழுதப்பட்டது என்று எனக்கே தெரிந்தது. வேலுமணி கரையில் வரும் ருத்ராட்சத்தைக் கொஞ்சம் சாய்த்து வைத்திருக்கிறார், சேலை நடந்தால் அது உருளும். ராமாத்தாள் அக்காவுடையது வழக்கமான கோபுரக் கரைதான். ஆனால் அங்கங்கே ஒரு கோபுரத்தை விட்டுவிட்டு, அந்த இடத்தில் ஒரு சின்னப் புள்ளி. வேறொன்றும் இல்லை. கண் அங்கேயே போய் நிற்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டேன். திரை பச்சைதான், ஆனால் நான் அதைக் கருநீலத்தில் பார்த்தேன்.

மானேஜரும் பார்த்தார். "இவை யாருடையவை?" என்றார். சொன்னேன். "பிரமாதம். வெறும் கட்டம் போட்ட திரையைக் காட்டினால் யார் வாங்குவார்கள்? இவற்றை மாதிரிகளாகப் பெட்டியோடு சேர்த்துவிடலாம். உங்கள் பிளாப்பியில் உங்களுக்கென்று வந்ததுதானே, உங்களுடையதுதான்" என்று சொல்லி, காகிதத்தில் அதையும் ஒரு வரி சேர்த்துத் தட்டச்சு செய்யச் சொல்லிவிட்டார். புரோகிராமும் கரைகளும் முழுக்க என் சொந்தம், இரண்டையும் கம்பெனிக்குத் தருகிறேன் என்று வாசகம்.

மாமா, ஒளிக்காமல் எழுதுகிறேன். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பேனாவைத் திறந்துவிட்டேன். அப்போதுதான், உங்களைப் பார்த்து ஒரு மாதமாக நான் போட்ட சத்தம் எனக்கே திருப்பிக் கேட்டது. ஒரு வார்த்தை கேட்டீர்களா என்று. பேனாவை மூடிவிட்டேன். வரைந்தவர்கள் யாரையும் இன்னும் கேட்கவில்லை, பத்து நாள் வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். மானேஜருக்குப் பிடிக்கவில்லை. எல்லாமே கைவிட்டுப் போனாலும் போகும்.

எனக்காக இன்னொரு முறை சைக்கிள் எடுங்கள். வீட்டுக்குத் தந்தது வேறு, விற்பனைக்குத் தருவது வேறு என்று விளக்கமாகச் சொல்லிக் கேளுங்கள். அவர்கள் சொல்வதை அப்படியே எழுதுங்கள். நீங்களாக எதையும் தாராளமாகச் சேர்க்க வேண்டாம்.

வேணி


செவ்வாய்ப்பேட்டை
18.9.87

அன்புள்ள வேணிக்கு,

தாராளமாகச் சேர்க்காமல் எழுதுகிறேன்.

அப்புசாமி: "போட்டுக்கட்டுமுங்க. பேரப் போடச் சொல்லுங்க. அம்மாப்பேட்டைன்னும் சேத்துப் போடோணும். வேற ஊர்ல ஒரு அப்புசாமி இருந்து அவன் பேரத் தட்டிக்கிட்டுப் போயிருவான்."

வேலுமணி: "ருத்ராட்சம் என்னுதுன்னு நாஞ்சொன்னா எங்கப்பனே சிரிப்பாரு. அது எல்லாரும் போடறதுங்க. சாய்ச்சு வெச்சது மட்டும் நானு. அதுக்கு வேணா பேரப் போடுங்க."

மற்றவர்களும் சரி என்றார்கள். மெட்ராஸிலிருந்து நீ கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறாய் என்பதிலேயே பாதிப் பேருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எல்லாரும் எனக்குச் சோறு போட்டார்கள்.

ராமாத்தாள் அக்கா தறியை நிறுத்திவிட்டு வந்து முழுதும் கேட்டார். புரோகிராமை அழித்துவிட்ட வருத்தம் அவருக்குத் தீரவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் சொன்னார்: "அது எம் பொண்ணு கண்ணாலச் சேலைக்கு வரைஞ்சது சாமி. அவ அதக் கட்டிக்கிட்டு எறங்கற அன்னிக்கி, ஊருல வேற எவளும் அதக் கட்டியிருக்கப் படாது. வேணிக்குப் பாக்கத்தான் வெச்சேன். விக்கறதுக்குத் தர மாட்டேன்."

"கண்ணாலம் முடிஞ்சப்பறம்?" என்று கேட்டேன்.

"அப்பறமும் தர மாட்டேஞ்சாமி. கேட்டீங்களே, அதுக்கு உங்க ரெண்டு பேருக்கும் புண்ணியம்" என்று சொல்லி மோர் கொடுத்தார்.

திரும்பி வரும்போது சைக்கிளை மிதிக்கவில்லை, தள்ளிக்கொண்டே வந்தேன். மழை வரும் போலிருந்தது. கோடு கோடாக வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது. இத்தனை வீட்டில் கேட்டேனே, ஒரு வீட்டிலும் கேட்பது கஷ்டமாக இல்லை. நம் வீட்டில் மட்டும் ஏன் ஒருநாளும் கேட்கத் தோன்றவில்லை? உன்னுடையது என்று நினைக்காமல் கொடுக்கவில்லை வேணி. நம்முடையது என்று நினைத்தேன். நம்முடையது என்று நான் சொன்னபோதெல்லாம் அது என்னுடையதாக மட்டும் இருந்திருக்கிறது.

அதனால் இப்போது கேட்கிறேன். இங்கே தினமும் யாராவது வந்து 'கரை' வேண்டும் என்கிறார்கள். பெட்டியில் வந்தால் இவர்களால் வாங்க முடியாது. ஒரு பிரதி அனுப்பினால் இரவல் கொடுக்கட்டுமா? வக்கீலிடம் கேட்கவில்லை. உன்னைக் கேட்கிறேன்.

கந்தவேல்


நுங்கம்பாக்கம்
23.9.87

அன்புள்ள மாமாவுக்கு,

ராமாத்தாள் அக்காவின் கரையை எல்லா இடத்திலும் அழித்துவிட்டேன். என் கண்ணில் இன்னும் இருக்கிறது, அதை என்ன செய்வது? ஜன்னல் கம்பியைப் பார்த்தால்கூட ஒன்றை விட்டுவிட்டுப் பார்க்கிறேன். அவர் பெண் கல்யாணத்துக்கு வந்து நேரில் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள்.

மானேஜர் முணுமுணுத்தார். அத்தனை பெயரா, இது என்ன கல்யாணப் பத்திரிகையா என்றார். பெயர் இல்லாமல் கரைகள் இல்லை என்றேன். இரண்டு நாள் காகிதம் அவர் மேஜையிலேயே கிடந்தது. மூன்றாம் நாள் காகிதத்தைத் திருத்திக்கொண்டு வந்தார். புரோகிராம் என்னுடையது, கரைகள் அவரவருடையது, பெயரோடும் ஊரோடும். அம்மாப்பேட்டை இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

இனி நீங்கள் கேட்டதற்குப் பதில். கூடாது.

கையெழுத்துப் போட்டாயிற்று என்பது ஒரு காரணம். அது மட்டும் இல்லை. முதன்முதலாக நான் எழுதியது, கொஞ்ச காலம் என் கையில் இருக்கட்டும் என்று ஆசையாக இருக்கிறது. அந்தத் தறிக்காரர்களை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது. நான் வரும்போதெல்லாம் சென்டரில் உட்கார்ந்து அவர்களோடு வரைவேன், மானேஜரிடம் சொல்லி அதற்கு இடம் வைத்திருக்கிறேன். ஆனால் இரவல் கூடாது.

இந்த வார்த்தையை எழுதிவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணமான இந்த நான்கு வருஷத்தில் உங்களிடம் நான் சொன்ன முதல் 'கூடாது' இதுதான். நீங்கள் கெட்டவர் என்பதால் இல்லை. எப்போதும் சாமான் வாசலைத் தாண்டிய பிறகுதானே எனக்குச் சேதி வரும். அதற்கப்புறம் கூடாது என்று யாரிடம் சொல்வது? நீங்கள் கேட்டதால்தான் என்னால் சொல்ல முடிந்தது. அதை எழுதும்போது உங்கள்மேல் எனக்கு எவ்வளவு பிரியம் வந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

பூஜை லீவுக்கு வருகிறேன். வியாழக்கிழமை காலை ரயில். கோபமாக இருந்தால் எழுதிவிடுங்கள், அம்மா வீட்டுக்கு ராசிபுரம் போய்க்கொள்கிறேன்.

உங்கள் வேணி


செவ்வாய்ப்பேட்டை
26.9.87

வேணிக்கு,

கூடாது என்றால் கூடாது. கார்டில் இடம் குறைவு, சுருக்கமாக எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்றே பொன்னம்மாப்பேட்டையிலிருந்து இரண்டு பேர் பிளாப்பி கேட்டு வந்தார்கள். கொடுக்காமல் ஆளை அனுப்பி எனக்குப் பழக்கம் இல்லையா, முதலில் டீ சொன்னேன். அப்புறம் சொல்லிவிட்டேன். "குடுக்கப் படாதுன்னு எழுதுனவங்க சொல்லிப்புட்டாங்கங்க." அவர்கள், "எழுதுனவங்க சொன்னாச் சரிதானுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. மறுபடி யாராவது வந்து கேட்க மாட்டார்களா என்று அன்று பூராவும் கடை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை ஸ்டேஷனில் இருப்பேன்.

கந்தவேல்